கார்ட்டூனுக்கு ஒரு விலங்கை உருவாக்குவது எப்படி: முதல் முடிவிலிருந்து கடைசிச் சோதனை வரை

விலங்குகளை வைத்து இரண்டு நிமிடக் குழந்தைப் பாட்டோ குறும்படமோ செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கண்ணிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெரிய கண், நீண்ட இமை, ஒரு சிரிப்பு, அப்புறம் உடம்பு, கடைசியில் கால். முகம் அழகாக வந்துவிடும். ஆனால் அதை நடக்க வைக்கும்போதுதான் தெரியும், அது விலங்கே இல்லை, தவழ்ந்து போகும் மனிதன் என்று. புதிதாக வருகிறவர்களோடு சேர்ந்து வேலை பார்க்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். கை வராததால் வரும் சிக்கல் அல்ல இது, வேலையை எடுத்த வரிசையால் வருவது.

அதனால் கீழே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். முதலில் எந்த விலங்கு, அது எவ்வளவு மனிதனாக நடந்துகொள்ளும் என்ற இரண்டு முடிவுகள். பிறகு உடம்பு, நடை. முகபாவமும் குரலும் அதற்கப்புறம்தான். எடுத்துக்காட்டுக்கு எல்லாருக்கும் தெரிந்த வடை திருடிய காகமும் நரியும் இருக்கட்டும். அதில் பறவை ஒன்று, நாலுகால் ஒன்று இருப்பதால் இரண்டு விதச் சிக்கலும் வந்துவிடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கதை ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்த விலங்கு எந்தக் காட்சியில் என்ன செய்கிறது என்பது தெரிந்தால்தான் அதற்கு எத்தனை விதமான அசைவு தேவை என்று கணக்குப் போட முடியும். நரி படம் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்தே இருக்கப் போகிறது என்றால் அதற்கு ஓட்டம் வரைந்து ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம்.

மென்பொருளுக்குச் செலவு தேவையில்லை. ஓபன்டூன்ஸ், கிரிட்டா, பிளெண்டர் மூன்றுமே இலவசம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' முழுக்க பிளெண்டரில் செய்யப்பட்ட படம்தான். லாட்வியா இயக்குநர் ஒருவர் சிறு குழுவோடு செய்தது, அதில் வரும் விலங்குகள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

அப்புறம் வீடியோ எடுக்க ஒரு போன், கையால் வரைந்து பார்க்கப் பென்சிலும் கட்டுத் தாளும். இவ்வளவு போதும்.

1. எந்த இனம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'நரி' என்று எழுதி வைத்துவிட்டு இணையத்தில் படம் தேடினால் ஆரஞ்சு நிறத்தில், வெள்ளை வால்நுனியோடு ஒரு விலங்கு வரும். அது குளிர்நாட்டுச் செந்நரி. தமிழ்நாட்டுக் கிராமப் பக்கம் இரவில் ஊளையிடுவது மஞ்சளும் சாம்பலும் கலந்த மேனியும் கறுப்பு வால்நுனியும் கொண்டது. பனைமரமும் வடை சுடும் பாட்டியும் உள்ள காட்சியில் செந்நரியை நிறுத்தினால் பின்னணி ஒரு நாட்டிலும் பாத்திரம் இன்னொரு நாட்டிலும் நிற்கும்.

காகமும் அப்படித்தான். வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்து வடையைக் கவனிக்கும் காகத்துக்குக் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். உடம்பெல்லாம் கறுப்பாக இருப்பது அண்டங்காக்கை. இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், தெரிந்து எடுங்கள். சாம்பல் கழுத்தில் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: தலையும் உடம்பும் நிறத்தால் பிரிவதால் காகம் தலையைத் திருப்புவது தூரத்திலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும்.

யானையில்தான் பிழை அதிகம். விசிறி போல விரிந்த பெரிய காதும் நடுவில் குழிந்த முதுகும் ஆப்பிரிக்க யானைக்கு. நம் யானைக்குக் காது சிறியது, முதுகு மேல்நோக்கி வளைந்தது, நெற்றியில் இரண்டு மேடு உண்டு, தும்பிக்கை நுனியில் ஒரு விரல்தான் (ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு). நம் பெண் யானைகளுக்கு வெளியே நீட்டிய தந்தம் கிடையாது. முதுமலைக் காட்டில் நடக்கும் கதையில் தாய் யானைக்கு நீளத் தந்தம் வரைந்து அனுப்புகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

மாட்டுக்கும் இதே கதிதான். கறுப்பு வெள்ளைத் திட்டுகளோடு, திமில் இல்லாத மாடுதான் குழந்தைப் பாட்டுகளில் எங்கும் வருகிறது. அந்த இனம் நெதர்லாந்து, வட ஜெர்மனிப் பக்கத்தது. இன்று நம் ஊரிலும் கலப்பின மாடுகள் நிறைய இருப்பதால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏர் உழும் காட்சியிலோ மாட்டுப் பொங்கல் காட்சியிலோ திமிலும் அலைதாடியும் இல்லாத மாட்டைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. காங்கேயம் மாட்டை வரைகிறீர்கள் என்றால் அதன் கன்று செம்பழுப்பாகப் பிறந்து, வளரும்போது சாம்பலாக மாறும். தாயும் கன்றும் ஒரே நிறத்தில் இருந்தால் தவறு.

இதே கட்டத்தில் ஆணா பெண்ணா என்பதையும் முடிவு செய்யுங்கள். நாம் ரசிக்கும் அந்தக் கூவல் ஆண் குயிலுடையது, அது பளபளக்கும் கறுப்பு, கண் சிவப்பு. பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள் கொண்டது. கறுப்புக் குயிலுக்குப் பூவும் பொட்டும் வைத்துப் பாட விடுவது பழகிப்போன பிழை. வேலைக்காரத் தேனீ, எறும்பு எல்லாம் பெண்கள். கடிக்கும் கொசுவும் பெண்தான். கதைக்காக இவற்றை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றலாம். 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படக்குழு மீன் உயிரியலாளர் ஆடம் சம்மர்ஸை ஆலோசகராக வைத்திருந்தது. கோமாளி மீன் கூட்டத்தில் பெண் இறந்தால் முதன்மை ஆண் பெண்ணாக மாறும் என்பது அறிவியல், ஆனாலும் தாய் மீன் இறந்தபின்னும் அப்பா அப்பாவாகவே இருக்கும் கதையைத்தான் அவர்கள் சொன்னார்கள். தெரிந்து மாற்றினால் அது கதைக்காரரின் உரிமை.

2. எவ்வளவு மனிதன் என்று எழுதி வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு பாதி வேலையைத் திரும்பச் செய்கிறார்கள். முதல் காட்சியில் நாலு காலில் வந்த நரி மூன்றாவது காட்சியில் இடுப்பில் கை வைத்து நிற்கும். ஐந்தாவதில் விரலால் சுட்டிக்காட்டும். வரைகிறவர் ஒருவரே என்றாலும் இது நடக்கும், ஏனென்றால் அந்தந்தக் காட்சிக்கு எது எளிதோ அதைக் கை வரைந்துவிடுகிறது.

ஒரு தாளில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எத்தனை காலில் நடக்கும்? முன்கால் கையாகப் பொருளைப் பிடிக்குமா? பேசுமா, பேசினால் மனிதருக்குப் புரியுமா? உடை உண்டா? என்ன சாப்பிடும்?

முதல் கேள்விக்குப் பதில் 'இரண்டும்' என்றால், எப்போது எது என்பதற்குக் காரணம் எழுதுங்கள். 2007இல் வந்த 'ராட்டடூயி'யில் எலி ரெமி இரண்டு காலில் நடப்பதற்குக் கதையிலேயே காரணம் உண்டு: நடந்த அதே பாதத்தால் உணவைத் தொட அதற்குப் பிடிக்காது. மற்ற எலிகள் நாலு காலில் ஓடுகின்றன. ஆக, நிமிர்ந்து நடப்பதே அதன் குணமாகிவிட்டது. எலிகள் தங்களுக்குள் பேசும், மனிதருக்கு அது கீச்சுக் குரலாகத்தான் கேட்கும் என்ற விதியும் கடைசிவரை மாறவில்லை.

ஒரே உலகத்தில் ஒரே இனத்துக்கு இரண்டு அளவு வைக்க முடியாதா என்றால், முடியும். டிஸ்னியின் புளூட்டோவும் நாய், கூஃபியும் நாய். ஒன்று நாலு காலில் ஓடிக் குரைக்கிறது, மற்றது தொப்பி போட்டுக்கொண்டு பேசுகிறது. ஒவ்வொன்றும் தன் விதிக்குள் உறுதியாக நின்றதால் பார்க்கிறவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தொந்தரவு வருவது ஒரே பாத்திரம் விதி மாறும்போதுதான்.

சாப்பாட்டுக் கேள்வியை எல்லாரும் மறப்பார்கள். புலியும் மானும் நண்பர்கள் என்று கதை எழுதுகிறோம், சரி, புலி இரவில் என்ன சாப்பிடும்? இதைக் கேட்காத குழந்தையே இல்லை. பதில் படத்தில் வர வேண்டும் என்றில்லை, உங்களிடம் இருந்தால் போதும். காட்சிகள் தானாக அதற்கேற்ப அமையும்.

நம் கதைக்கு நான் எழுதும் விதி இப்படி இருக்கும்: காகமும் நரியும் தங்களுக்குள் பேசும், பாட்டிக்குப் புரியாது. நரி நாலு காலில் மட்டும். காகம் இறக்கையைக் கையாகப் பயன்படுத்தாது, வடையை அலகில்தான் பிடிக்கும். உடை இல்லை. இந்தக் கதைக்கு இதைவிட நல்ல விதி இல்லை என்றே நினைக்கிறேன். காகத்துக்குக் கை கொடுத்துவிட்டால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு பாடிவிடுமே, அப்புறம் நரிக்கு வேலை ஏது?

3. உண்மையான விலங்கைப் படம் பிடியுங்கள்

ரெஃபரன்ஸ் (பார்த்து வரைவதற்கான உண்மைக் காட்சி) எடுக்காமல் வரைந்தால் நீங்கள் ஏற்கெனவே பார்த்த கார்ட்டூன்கள்தான் கையில் வரும். அவற்றின் பிழையும் சேர்ந்து வரும்.

போனை விலங்கின் வயிற்று உயரத்தில், நேர் பக்கவாட்டில் வையுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் கால்கள் குட்டையாகத் தெரியும், எந்தக் கால் எப்போது தரையைத் தொட்டது என்றும் புரியாது. நொடிக்கு 60 ஃபிரேம் (வீடியோவின் தனித்தனிப் படம்) வைத்து எடுங்கள். விலங்கு குறுக்கே கடந்து போகட்டும், கேமராவை அதனோடு திருப்ப வேண்டாம். குறைந்தது நான்கு முழு அடிகள் ஒரே காட்சியில் கிடைக்க வேண்டும்.

1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் பல கேமராக்களை வரிசையாக வைத்துக் குதிரையின் பாய்ச்சலைப் படம் பிடிக்கும்வரை, நாலு காலும் தரையை விட்டு எழும்புவது கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது என்றே ஓவியர்கள் வரைந்துகொண்டிருந்தார்கள். உண்மையில் அது நடப்பது கால்கள் வயிற்றுக்கடியில் ஒடுங்கியிருக்கும்போது. வேகமான அசைவில் நம் கண்ணை நம்ப முடியாது என்பதற்காகத்தான் வீடியோ. 1942இல் வெளியான 'பாம்பி'க்காக டிஸ்னி ஸ்டுடியோவுக்கு இரண்டு மான்குட்டிகளையே கொண்டுவந்து வளர்த்தார்கள், ரிகோ லெப்ரன் என்ற ஓவியர் அங்கிருந்த அனிமேட்டர்களுக்கு விலங்கு உடற்கூறு வகுப்பு எடுத்தார்.

உங்களுக்குத் தெருவே போதும். நாய், ஆடு, மாடு, காகம், கோழி எல்லாம் இருக்கின்றன. நரிக்குத் தெருநாயின் நடை பெரும்பாலும் பொருந்தும், உடம்பைக் கொஞ்சம் தாழ்த்தி, அடியைச் சிறிதாக்கினால் போதும். கட்டிப்போட்டிருக்கும் விலங்கை எடுக்காதீர்கள். சங்கிலி கட்டிய யானை அடியைச் சுருக்கித்தான் வைக்கும், அதைப் பார்த்து வரைந்த காட்டு யானையும் சங்கிலி கட்டியதுபோலவே நடக்கும். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய வீடியோவையும் ரெஃபரன்ஸாக எடுக்க வேண்டாம். அதில் கால்கள் நடுவழியில் இடம் மாறிக்கொள்வதுண்டு, புதியவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

4. மூட்டுகளைக் குறியுங்கள்

வீடியோவில் ஒரு ஃபிரேமை நிறுத்தி, அதன்மேல் ஒரு லேயர் (மேலடுக்கு) போட்டு மூட்டுகளுக்குப் புள்ளி வையுங்கள். உங்கள் உடம்பில் உள்ள அதே மூட்டுகள்தான் அங்கேயும், அளவுகள் மட்டும் வேறு.

நாயின் பின்காலில் பின்பக்கமாக மடங்குவதாகத் தெரிகிறதே, அது முட்டி இல்லை, குதிகால். முட்டி அதற்கு மேலே, வயிற்றோரம் தோலுக்குள் ஒளிந்திருக்கிறது, நம் முட்டியைப் போலவே முன்னோக்கித்தான் மடங்கும். முன்காலில் முட்டி என்று நாம் நினைப்பது மணிக்கட்டு. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் எந்த விலங்கின் காலையும் வரையலாம்.

அப்புறம் தரையில் எது படுகிறது என்று பாருங்கள். கரடியும் குரங்கும் நம்மைப்போல முழுப் பாதத்தை ஊன்றும். நாயும் பூனையும் நரியும் விரல்களில் நிற்கும், குதிகால் மேலே தூக்கியிருக்கும். மாடு, ஆடு, குதிரை விரல் நுனியில், குளம்பில் நிற்கும். யானையின் பின்காலில் முட்டி தாழ்வாக, தெளிவாகத் தெரியும், அதனால்தான் அதன் பின்கால் மனிதக் கால்போலத் தோன்றுகிறது.

தோள் எலும்பை மறக்காதீர்கள். நாய்க்கும் மாட்டுக்கும் முன்கால்கள் உடம்போடு இணைந்திருப்பது தசையால், நமக்குள்ளதுபோலக் காறை எலும்பால் அல்ல. அதனால் ஒவ்வொரு அடிக்கும் தோள்பட்டை மேலும் கீழும் வழுக்கி நகரும். பூனை பதுங்கி நடக்கும்போது தோள் எலும்பு முதுகுக்கு மேலே எட்டிப்பார்க்கும். இந்த அசைவைச் சேர்க்காத ரிக்கில் (பாத்திரத்தை அசைக்கக் கணினியில் கட்டும் எலும்புச் சட்டம்) நாலு காலையும் ஒரு மேசையில் ஆணியடித்ததுபோல இருக்கும்.

5. மாடல் ஷீட் வரையுங்கள்

இப்போதுதான் எளிமைப்படுத்த வேண்டும். மாடல் ஷீட் என்பது பாத்திரத்தின் உருவமும் அளவும் காட்சிக்குக் காட்சி மாறாமல் இருக்க வரைந்து வைக்கும் தாள். முன், முக்கால் (முன்னுக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே), பக்கவாடு, பின் என நான்கு கோணங்கள், எல்லாம் ஒரே உயரக் கோடுகளுக்குள். பக்கத்தில் மற்றப் பாத்திரங்களையும் நிறுத்தி உயர ஒப்பீடு வரையுங்கள். காகமும் நரியும் ஒரே உயரத்தில் இருக்கும் படங்கள் நிறைய வருகின்றன.

உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலுருவத்திலேயே நரி என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நிறமும் கண்ணும் அதைக் காப்பாற்றாது. 1929இல் மிக்கி மவுஸுக்கு வெள்ளைக் கையுறை வந்ததும் இதே மாதிரிச் சிக்கலால்தான், கறுப்பு உடம்புக்கு முன்னால் கறுப்புக் கை தெரியவில்லை.

கண்ணுக்கு இங்கேதான் இடம். பெரிய தலை, உயர்ந்த நெற்றி, தாழ்வாக வைத்த பெரிய கண் இவற்றைப் பார்த்தால் நமக்குக் குட்டி என்று பாசம் வரும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இலேயே எழுதினார். அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் குட்டிக்கு வைத்திருங்கள். பெரியவை எல்லாவற்றுக்கும் குட்டிக் கண்ணையே வைத்தால் கதையில் யார் தாய், யார் பிள்ளை என்ற வித்தியாசம் போய்விடும்.

கண்மணியின் வடிவமும் இனத்துக்கு இனம் வேறு. ஆட்டுக்குக் கிடைமட்டக் கோடு, வீட்டுப் பூனைக்கு நிமிர்ந்த கோடு, புலிக்கும் சிங்கத்துக்கும் வட்டம். புலிக்குப் பூனைக் கண் வைப்பது பரவலான பிழை. கண்ணில் வெள்ளை வைப்பது இனத்துக்குப் பொருந்தாவிட்டாலும் நான் அனுமதிப்பேன், ஏனென்றால் பாத்திரம் எங்கே பார்க்கிறது என்பது அதனால்தான் குழந்தைக்குப் புரிகிறது.

6. நடையைப் பின்காலிலிருந்து தொடங்குங்கள்

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான், பொறுமையாகப் போங்கள்.

நாலுகால் விலங்கு சாதாரணமாக நடக்கும்போது கால்கள் விழும் வரிசை: இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால். நாய், பூனை, மாடு, ஆடு, யானை எல்லாவற்றுக்கும் இதே வரிசை. புதியவர்கள் குறுக்காக இரண்டிரண்டு காலைச் சேர்த்து நகர்த்துவார்கள். அது நடை அல்ல, துள்ளு ஓட்டம். அந்த வரிசையை மெதுவாக்கினால் விலங்கு பொம்மைபோலத் தெரியும்.

நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் ஒரு முழுச் சுற்றை 24 ஃபிரேமாக வைத்துக்கொள்வோம். இடப் பின்கால் 1ஆம் ஃபிரேமில் தரையைத் தொடும். இட முன்கால் 7இல், வலப் பின்கால் 13இல், வல முன்கால் 19இல். கால் பங்கு, கால் பங்காகத் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான். உங்கள் விலங்கின் உண்மையான கால அளவை வீடியோவில் எண்ணி எடுங்கள். மாடு நாயைவிட நிதானமாகவும், யானை இன்னும் நிதானமாகவும் நடக்கும். கனத்தைக் காட்டும் முதல் வழி இந்தக் கால அளவுதான், கோட்டின் தடிமன் அல்ல.

பின்கால்கள் இரண்டையும் முதலில் முடியுங்கள். உடம்பை முன்னே தள்ளும் வேலையில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான், அவை சரியானால் இடுப்பின் ஏற்ற இறக்கம் தானாகக் கிடைக்கும். அதற்கப்புறம் முன்கால்கள், தோளின் ஏற்ற இறக்கம். இடுப்பும் தோளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கக் கூடாது, ஒன்றுக்கொன்று தள்ளி வர வேண்டும். தலை, வால் கடைசி.

ஒவ்வொரு ஃபிரேமிலும் நிறுத்தித் தரையில் எத்தனை கால் என்று எண்ணுங்கள். சாதாரண நடையில் எப்போதும் இரண்டோ மூன்றோ இருக்கும். ஒரு ஃபிரேமில் ஒரே கால்தான் நிற்கிறது என்றால் எங்கோ பிழை.

பாதம் தரையில் வழுக்குவதுபோல் தெரிகிறதா? ஒரே இடத்தில் நடக்கும் சுற்றில், தரையில் ஊன்றிய பாதம் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒரே அளவு தூரம் பின்னால் போக வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக்கும் பழக்கத்தை அங்கே விடுங்கள், அது காற்றில் இருக்கும் காலுக்கு மட்டும். பின்னணியும் அதே தூரம் நகர வேண்டும். இந்த ஒரு கணக்கைச் சரிசெய்தாலே பாதிப் படம் சரியாகிவிடும்.

சுற்று முடியும் இடத்தில் ஒரு விக்கல் வந்தால் 25ஆம் ஃபிரேமை நீக்குங்கள். அது 1ஆம் ஃபிரேமின் நகல், இரண்டும் இருந்தால் ஒரே படம் இரண்டு முறை ஓடும்.

காகத்துக்கு நடை வேறு. அது கால் மாற்றி மாற்றி நடக்கவும் செய்யும், அவசரமானால் தத்தவும் செய்யும். சிட்டுக்குருவி பெரும்பாலும் தத்தும். கோழியும் புறாவும் நடக்கும்போது உடம்பு முன்னே போகும்வரை தலையை அதே இடத்தில் நிறுத்திவைத்து, பிறகு சட்டென்று முன்னே தள்ளும். தலையை நிற்காமல் ஆட்டினால் அது கோழியாகவே தெரியாது.

7. ஓட்டமும் பறப்பும், கதைக்குத் தேவையென்றால் மட்டும்

துள்ளு ஓட்டத்தில் குறுக்குக் கால்கள் சேரும். ஒட்டகம் ஓடும்போது ஒரே பக்கத்து இரண்டு காலும் சேர்ந்து போகும், அதனால்தான் அதன் உடம்பு பக்கவாட்டில் ஆடுகிறது. பாய்ச்சலில் குதிரை ஒரு சுற்றில் ஒருமுறை முழுக்கக் காற்றில் இருக்கும், சிவிங்கிப்புலி இரண்டு முறை: கால்கள் ஒடுங்கும்போது ஒன்று, நீளும்போது ஒன்று. அதன் முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிர்வதால் அது சாத்தியம். மாட்டின் முதுகை அப்படி வளைக்காதீர்கள்.

யானை பாயாது, குதிக்காது. மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பாது. யானையைத் துள்ளிக் குதிக்க வைக்கும் நொடியிலேயே அதன் எடை போய்விடுகிறது.

காகம் பறக்கும்போது இறக்கை கீழே வரும்வழியில் முழுக்க விரிந்திருக்கும், மேலே போகும்வழியில் மணிக்கட்டில் மடங்கும். இறக்கை இறங்கும்போது உடம்பு மேலே ஏறும். இந்த எதிரெதிர் அசைவு இல்லாவிட்டால் பறவை நூலில் தொங்கும்.

8. உணர்ச்சியை முதலில் காதிலும் வாலிலும் தேடுங்கள்

புருவத்துக்குப் போகும் முன் அந்த விலங்கிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நரிக்குக் காது திரும்பும், வால் தாழும், மூக்கு காற்றைத் தேடும். வடை வாசனை வந்ததைக் காட்ட மூக்கு இரண்டு முறை அசைந்து, காது முன்னே திரும்பி, அதற்கப்புறம் கண் மேலே போனால் போதும். அந்த வரிசையிலேயே ஒரு நரி இருக்கிறது.

எல்லா விலங்குக்கும் ஒரே அகராதி கிடையாது. நாய் வாலாட்டினால் பெரும்பாலும் மகிழ்ச்சி, பூனை வாலை அடித்தால் எரிச்சல். வாலை நேராக நிமிர்த்தி வரும் பூனைதான் நட்போடு வருகிறது. குதிரை காதைப் பின்னால் ஒட்டவைத்தால் கோபம். யானை காதை விரித்து நின்றால் மிரட்டல், அதை மகிழ்ச்சிக் காட்சியில் வைக்காதீர்கள். சிம்பன்சி பல்லைக் காட்டினால் நாம் சிரிப்பு என்று நினைக்கிறோம், பெரும்பாலும் அது பயம்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் குழந்தைகள். படத்தில் கற்ற வால் மொழியோடு அவர்கள் தெருவில் உண்மையான நாய் முன்னால் போய் நிற்கிறார்கள். பாம்பு பால் குடிக்கிறது, சுற்றுலா வந்தவர் குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்கிறார் என்பதெல்லாம் காட்சியில் அழகாகத் தெரியலாம். பாம்புக்குப் பால் உணவே இல்லை, உணவுக்குப் பழகிய குரங்கு கடிக்கும். இப்படிப்பட்ட காட்சியை வைக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

9. வாயசைவும் குரலும்

இணையத்தில் கிடைக்கும் வாயசைவு அட்டவணைகள் ஆங்கில உச்சரிப்புக்கானவை. தமிழுக்கு நீங்களே கண்ணாடி முன் நின்று ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்: ஆ, இ, உ, எ, ஓ, உதடு மூடும் ப, ம. இவை போதும். ஒவ்வொரு எழுத்துக்கும் வாயை மாற்றினால் படபடக்கும். அழுத்தம் விழும் உயிரெழுத்தைப் பிடியுங்கள், ப, ம வரும்போது தவறாமல் மூடுங்கள்.

காகத்துக்கு உதடு இல்லை. அலகை ரப்பராக வளைப்பதா இல்லையா என்பது 2ஆம் படியில் எழுதிய விதியைப் பொறுத்தது. வளைக்காவிட்டால் திறப்பது, மூடுவது இரண்டுதான் உண்டு, மீதியைத் தலையசைவும் தொண்டை இறகும் சுமக்க வேண்டும். அலகில் வடை இருக்கும்போது பேச முடியாது என்பதுதான் நம் கதையின் உயிரே, அந்தக் காட்சியில் வசனம் எழுதிவிடாதீர்கள்.

பேசாத விலங்குக்கு அதன் சொந்த ஒலியைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் வேறொன்றைக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 'ஃப்ளோ'வில் கேபிபாராவுக்கு (தென் அமெரிக்காவின் பெரிய கொறிவிலங்கு) அதன் குரல் பொருந்தவில்லை என்று ஒட்டகக் குட்டியின் குரலை வைத்தார்கள், அந்த நிதானமான குணத்துக்கு அது சரியாகவே இருந்தது.

10. கெட்டவன் வேடத்தை யாருக்குக் கொடுக்கிறீர்கள்

வசனத்தைப் பதிவு செய்யும் முன் ஒருமுறை நின்று பாருங்கள். கறுப்பாக இருப்பது, குண்டாக இருப்பது, ஒரு வட்டாரப் பேச்சு பேசுவது இவை மூன்றும் கெட்ட பாத்திரத்திலோ முட்டாள் பாத்திரத்திலோ வந்து சேர்ந்திருந்தால் அது விலங்கைப் பற்றிய முடிவு அல்ல, மனிதர்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணம் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. பார்க்கும் குழந்தைக்கு அது நேரடியாகப் போய்ச் சேரும்.

கழுதைப்புலியைத் திருடனாகவும் கோழையாகவும் காட்டிப் பழகிவிட்டோம். ஆப்பிரிக்கப் புள்ளிக் கழுதைப்புலி தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடுகிறது, அதனிடமிருந்து சிங்கம் பறித்துக்கொள்வதும் சாதாரணம். பிணந்தின்னிக் கழுகைச் சாவின் அடையாளமாக வைப்பதும் அப்படித்தான். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தால், அந்த மாடுகளின் பிணத்தைத் தின்ற கழுகுகள் இந்தியாவில் கூட்டம் கூட்டமாக அழிந்து, 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். இன்று தமிழ்நாட்டில் முதுமலை, மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் அவை மிஞ்சியிருக்கின்றன. அதன் ஊர்க் குழந்தைகளுக்கே அதை அருவருப்பாகக் காட்ட எனக்கு மனம் வராது.

நரி தந்திரசாலியாக இருக்கட்டும், கதை அதுதான். ஆனால் அதற்குப் பசிக்கிறது என்று ஒரு காட்சி வையுங்கள். மூன்று நொடி போதும், அது கெட்டவன் என்பதிலிருந்து ஒரு பாத்திரமாக மாறிவிடும்.

11. சோதனை

முதலில் ஒலியை அணைத்துப் பாருங்கள். யாருக்கு என்ன வேண்டும் என்பது அசைவிலேயே புரிய வேண்டும். பிறகு எல்லாப் பாத்திரத்தையும் கறுப்பு நிழலுருவாக்கி ஓட விடுங்கள், நடைப் பிழைகள் அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்து, அந்த விலங்கோடு வாழும் ஒருவரிடம் காட்டுங்கள். மாடு என்றால் மாடு வளர்ப்பவர், ஆடு என்றால் மேய்ப்பவர், யானை என்றால் பாகன். 'சரியா இருக்கா' என்று கேட்டால் மரியாதைக்காக நல்லா இருக்கு என்பார்கள். 'இதுக்கு என்ன வயசு இருக்கும்? உடம்பு நல்லா இருக்கா?' என்று கேளுங்கள். 'இது முன்கால் நொண்டுதே' என்று பதில் வந்தால் 6ஆம் படிக்குப் போய், முன்கால் ஃபிரேம்களை எண்ணுங்கள்.

கடைசியாக நான்கைந்து வயதுக் குழந்தையிடம் காட்டுங்கள், எதுவும் விளக்காமல். அந்தக் குழந்தை எழுந்து நடித்துக் காட்டினால் அதைக் கவனியுங்கள், எந்த அசைவை எடுத்துக்கொண்டது, எதை விட்டது என்று. விட்ட அசைவுகளில் கதைக்குத் தேவையானது ஏதாவது இருந்தால் அதன் கீ போஸ்களை (அசைவின் முக்கிய நிலைகளை) மட்டும் பெரிதாக்குங்கள். முழுக் காட்சியையும் திரும்ப வரையத் தேவையில்லை.